பங்கு மான்

ஒரு மானைச் சுடுவதற்கு முன்னால் இந்த நாட்டில் யார் யாரிடம் அனுமதி வாங்கவேண்டும், எதற்கெதற்குக் காசு கட்டவேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பத்து வயதிலேயே மனப்பாடம். பெருக்கல் வாய்ப்பாட்டை விட நன்றாக வரும். துவக்கு வைத்திருக்க ஒரு பத்திரம், அந்தப் பத்திரத்துக்கு ஒரு வகுப்பு. வேட்டைக்குப் போக இன்னொரு வகுப்பு, அதற்கொரு சோதனை. சோதனையில் தேறினால் ஒரு அட்டை. அட்டை கிடைத்துவிட்டது என்று துள்ளவும் முடியாது, அது வெறும் வாசல் படலைதான். உள்ளே போனால் முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் ஒரு லைசென்ஸ், மானுக்கு ஒன்று, கரடிக்கு ஒன்று, மூஸ் என்கிற அந்தப் பென்னாம்பெரிய மிருகத்துக்கு வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். இந்த மாகாணத்தில் குடியிருக்கிறவனுக்கு ஒரு விலை, வெளிநாட்டிலிருந்து வேட்டையாட வருகிறவனுக்குப் பல மடங்கு விலை.

இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. மாமாவுக்காகப் படித்தேன்.

இந்தக் கதையை என் பிள்ளைகளுக்குச் சொல்லப் பலமுறை தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பாதி வழியில் எனக்குக் கோபம் வந்துவிடும். "அப்பா கத்துறார்" என்று அவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள். எழுதினால் கத்தத் தேவையில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவனில்லை, பிறம்ரனில் ரக் ஓட்டுகிறவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதில் பிழையில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தொண்ணூறுகளில் ஸ்காபறோவில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் நாங்கள் இருந்தோம். மாமாவுக்கு எங்கள் வீட்டுச் சோபாதான் கட்டில். எங்களுக்கு முன்னரே கனடாவுக்கு வந்தவர் என்பதால் அவருக்கு நிரந்தரமாக இங்கே இருக்கப் பேப்பர் கிடைத்துவிட்டது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் அகதி வழக்கு விசாரணைக்குப் போவதும் ஒத்திவைக்கப்படுவதுமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. 'கேஸ்' என்ற சொல்லை வீட்டில் யாரும் பலமாகச் சொல்லமாட்டார்கள், நோயாளி படுத்திருக்கும் அறையில் கதைப்பது போலக் கதைப்பார்கள். ஒரு வாகனமும் வராத தெருவில்கூட அப்பா சிவப்பு விளக்குக்கு நிற்பார். தூரத்தில் பொலிஸ் கார் தெரிந்தால் கழுத்துப் பொத்தானைப் பூட்டுவார். பிழை செய்யாத மனிதர் ஏன் பொத்தானைப் பூட்டவேண்டும் என்று நான் யோசித்ததில்லை. எல்லா அப்பாக்களும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

மாமா நேர்மாறானவர். மூக்கு நுனியில் கோபம். ரெக்ஸ்டேலில் கதவு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. ஒவ்வொரு நவம்பரும் அங்கே பாதிப்பேர் லீவு போட்டுவிட்டு மான் வேட்டைக்குப் போவார்களாம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மாமா சும்மா ஒரு கதைக்கு, நானும் வரட்டோ என்று கேட்டிருக்கிறார். அன்று பின்னேரம் சப்பாத்தைக் கழற்றாமலே வீட்டுக்குள் வந்து நின்று கத்தினார்.

"அக்கா, அந்த மேற்பார்வைக்காரன் என்ன சொன்னவன் தெரியுமே? 'உது உங்கடை ஊர் மாதிரி இல்லை, இஞ்சை லைசென்ஸ் வேணும், உனக்கெல்லாம் உது சரிவராது' எண்டுபோட்டுச் சிரிக்கிறான். மற்றவங்களும் சேந்து சிரிக்கிறாங்கள்."

"நீ ஊரில என்னத்தை வேட்டையாடினனி?" என்றார் அம்மா.

உண்மைதான். மாமா ஊரில் கவணால் மாங்காய் அடித்ததைத் தவிர வேறொன்றும் அடித்தவரில்லை. மான் இறைச்சி அவர் நாவில் பட்டதுகூட இல்லை. ஆனால் 'உனக்குச் சரிவராது' என்று ஒருவன் சொல்லிவிட்டான். அது போதும்.

"அவன்ரை முகத்துக்கு முன்னாலை லைசென்ஸைக் கொண்டுபோய் ஆட்டிக் காட்டாட்டில் பாருங்கோ."

அன்று அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் மறக்கமாட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் திருவலையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "துவக்குக்குப் பயந்து இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தனான். நீ இஞ்சை வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்கி என்ரை வீட்டுக்கை வைக்கப்போறியோ?"

"அது ஆமியின்ரை துவக்குமில்லை, இயக்கப் பெடியளின்ரை துவக்குமில்லை அக்கா. லைசென்ஸ் துவக்கு."

"சுட்டா எல்லாம் ஒண்டுதான்."

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "மச்சான், மான் உன்னைக் கண்டு ஓடுமோ, நீ மானைக் கண்டு ஓடுவியோ?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கடைசியில் துவக்கு எங்கள் வீட்டுப் படியேறக்கூடாது என்று ஒப்பந்தமானது. மாமாவோடு வேலை செய்த போர்த்துக்கேயக் கிழவர் ஒருவர் வீட்டில், பூட்டுப் போட்ட பெட்டிக்குள் அது இருக்கும். அந்தத் தொழிற்சாலையில் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான்.

மாமாவின் ஆங்கிலம் தொழிற்சாலைக்குப் போதும், சோதனைக்குப் போதாது. ஆகவே சட்டப் புத்தகத்தை வாசித்துச் சொல்வது என் வேலையாயிற்று. கடையில் இலவசமாகக் கிடைக்கும் மெல்லிய புத்தகம் அது. நான் ஒரு வரி வாசித்துத் தமிழில் சொல்வேன், மாமா கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொல்வார். செம்மஞ்சள் உடுப்பும் தொப்பியும் போடவேண்டும். இருட்டின பிறகு சுடக்கூடாது. ஒரு லைசென்ஸுக்கு ஒரு மான். மான் விழுந்தவுடன், அதை ஓரடி நகர்த்த முன்னரே, லைசென்ஸோடு தருகிற சீட்டை அதில் கட்டவேண்டும். முதல் சோதனையில் மாமா தேறவில்லை. கோபத்தில் அன்று இரவு சாப்பிடவில்லை. இரண்டாவதில் தேறினார்.

அட்டை தபாலில் வந்த நாள் மாமா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார். ஊரில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை எடுத்து நீட்டும்போது பெரியவர்களின் கை நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். மாமாவும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும்.

"மருமோன், இதை நீட்டினா நீ துவக்கோடை போகலாம், உன்னை நம்புறம் எண்டு அர்த்தம். எங்களைப் பாத்து எந்த அரசாங்கமடா உப்பிடிச் சொன்னது?"

அதன் பிறகு அந்த அட்டை அவருடைய சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. குளிக்கப் போனாலும் குளியலறை யன்னலோரம் இருக்கும்.

மான் லைசென்ஸ் வாங்க வேட்டைச் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். மாமாவின் வாயாக நானும் போனேன். கடைக்காரன் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெளிநாட்டுக்காரருக்கான கட்டணப் பக்கத்தைத் திருப்பி அதில் விரலை வைத்தான். நாங்கள் ஸ்காபறோவில் இருக்கிறோம் என்றேன். அவன் காது கேளாதவனுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: அது இங்கே குடியிருப்பவர்களுக்கு, இது உங்களுக்கு. மாமாவுக்கு நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. சாரதி அனுமதிப்பத்திரத்தையும் வேட்டை அட்டையையும் மேசையில் வரிசையாக வைத்தார். கடைக்காரன் அட்டையை வளைத்துப் பார்த்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், நகத்தால் சுரண்டியும் பார்த்தான். பிறகு ஒரு சொல்லும் பேசாமல் சரியான விலைக்கு லைசென்ஸை எழுதிக் கொடுத்தான். மன்னிப்பு இல்லை. சிரிப்புக்கூட இல்லை.

எனக்குக் காது சுட்டது. அங்கிருந்த தூண்டில்களையெல்லாம் தட்டிவிட்டு ஓடவேண்டும்போல இருந்தது. சண்டை பிடிப்பார் என்று நான் எதிர்பார்த்த மாமா, வெளியே வந்து சிரித்தார். "விடு மருமோன். கள்ள அட்டையோ எண்டு பாத்தவன். பாக்கட்டுமன். உண்மையானது எப்பிடிச் சுரண்டினாலும் உண்மைதானே."

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் மிச்சப் பக்கங்களை வாசித்துக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில், வேட்டையாடிய இறைச்சியை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்றிருந்தது. சொன்னேன்.

"ஆர் விக்கிறது? நாங்கள் என்ன இறைச்சிக் கடையோ? எங்கடை சனத்துக்குப் பங்கு போட்டுச் சாப்பிடப்போறம்" என்றார் மாமா. நானும் சரியென்று அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

பங்கு என்றால் என்னவென்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். எங்கள் கட்டடத்தில் மாதத்துக்கொரு தடவை நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு பண்ணையில் ஆடு எடுப்பார்கள். எங்கள் குசினியில், அடுப்புக்கு முன்னால் தரையில் பிளாஸ்ரிக் விரித்து அப்பா வெட்டுவார். எல்லாரும் அப்பாவைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் அப்பாவின் கைக்கு ஓரவஞ்சனை தெரியாது. இறைச்சியை வீட்டுக்கொரு கும்பமாகக் குவிப்பார். ஒவ்வொரு கும்பத்திலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் எலும்பு இருக்கும். பிறகு ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, இறைச்சிக்கு முதுகைக் காட்டி நிற்பார். அப்பா ஒரு கும்பத்தைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் பார்க்காமலே ஒரு வீட்டைச் சொல்வார். யாருக்கு எது போனாலும் ஒருவரும் முறுமுறுக்க முடியாது. ஆட்டுக் காசும் பெற்றோல் காசும் எல்லார் தலையிலும் சமமாகப் பிரியும். அதை நாங்கள் கணக்கு என்போம். விலை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சுவரைப் பார்த்து நிற்பது என் வேலை. வீடு வீடாக அழைப்பதில் எனக்கு ஒரு பெருமை.

நவம்பரில் மாமாவும் போர்த்துக்கேயக் கிழவரும் வடக்கே போனார்கள். கிழவரின் பிக்கப் ரக் கட்டடத்தின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்துக்குள் திரும்பி வந்தபோது, பின்னால் கொம்போடு ஒரு மான் கிடந்தது. கொம்பில் சீட்டு கட்டப்பட்டிருந்தது. மாமா செம்மஞ்சள் தொப்பியோடு குதித்து இறங்கி என்னைத் தூக்கிச் சுற்றினார். கிழவர் இறக்க உதவி செய்துவிட்டுத் துவக்கோடு போய்விட்டார். செய்தி மாடி மாடியாக ஏறியது. மானை வீட்டுக்குள் கொண்டுபோக அம்மா விடவில்லை. தரிப்பிடத்தின் ஒரு மூலையில் மட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்தார்கள். அப்பா கத்தியோடு வந்தார்.

"மச்சான், உன்ரை வகுப்புக் காசு, லைசென்ஸ் காசு, பெற்றோல், தோட்டா, எல்லாத்தையும் பங்குக்கை போடுவம். ஒருத்தன்ரை தலையில விழக்கூடாது."

"வேண்டாம் அத்தான். சும்மா குடுப்பம்."

"சும்மா குடுத்தா ஆரும் கைநீட்டி வாங்கமாட்டினம். கூச்சப்படுவினம். பங்கெண்டா உரிமையோடை வருவினம்."

அப்பா சொன்னதுதான் எங்கள் வழக்கம். நிவாரண வரிசையில் நின்று நின்று அலுத்த சனம் நாங்கள். இனாமாக ஒன்று நீட்டினால் முகம் சுருங்கும். பங்கென்றால் தலை நிமிரும். ஒரு பழைய ஐஸ்கிறீம் வாளி வந்தது. காசு அதற்குள் விழத் தொடங்கியது. தோலை உரிக்கும்போதும் கொம்பிலிருந்த சீட்டை அவிழ்க்க மாமா விடவில்லை. "சட்டம்" என்று எல்லாருக்கும் விரலை ஆட்டிச் சொன்னார்.

முதல் கும்பங்கள் போய்க்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் தன் பங்கைக் கிழிந்த பையில் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறியிருக்கிறார். இரத்தம் சொட்டியிருக்கிறது. கட்டடப் பொறுப்பாளர் லிஃப்டுக்குள் இரத்தத்தைக் கண்டால் மான் என்றா நினைப்பார்? இரண்டு பொலிஸ்காரர் இடுப்புத் துப்பாக்கியில் கையை வைத்தபடி தரிப்பிடத்துக்குள் நடந்து வந்தார்கள். நின்ற சனத்தில் பாதி தூண்களுக்குப் பின்னால் மறைந்தது. அப்பா இரத்தம் பூசிய விரலால் கழுத்துப் பொத்தானைப் பூட்டினார்.

மாமா மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். கை நடுங்கவில்லை. பொலிஸ்காரர் அட்டையைப் பார்த்தார்கள், மானைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அது கெட்ட சிரிப்பில்லை. ஒருவர் கொம்பின் கிளைகளைக்கூட எண்ணினார். ஆனாலும் முறைக்கு வனவிலங்கு அதிகாரி ஒருவர் வந்து பார்க்கவேண்டும் என்றார்கள்.

அவர் பச்சை உடுப்போடு வந்தார். சீட்டைப் பார்த்தார், லைசென்ஸைப் பார்த்தார், எங்கே சுட்டாய், எப்போது சுட்டாய் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். எல்லாம் சரி என்று மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நண்பர்களுக்கு எவ்வளவு வேண்டுமென்றாலும் கொடுக்கலாம், அது உன் மான்" என்றார். அந்த நிமிடம் மாமாவின் முகத்தில் இருந்த வெளிச்சத்தை, அந்தத் தொழிற்சாலை மேற்பார்வைக்காரன் பார்த்திருக்க வேண்டும். பொலிஸ்காரர் போனார்கள். தூண்களுக்குப் பின்னாலிருந்து சனம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டு நின்றார். அப்பா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் மறுபடியும் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன்.

"இது ஆருக்கு?"

"மூண்டாம் மாடி அன்ரி வீட்டுக்கு."

"இது ஆருக்கு?"

"ஏழாம் மாடி அங்கிளுக்கு."

ஏழாம் மாடி அங்கிள் கொழும்பில் கந்தோர் உத்தியோகம் பார்த்தவர். சனிக்கிழமையிலும் கழுத்துப்பட்டி கட்டுவார். கட்டடத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அவரிடம்தான் கொண்டுபோவார்கள். அவர் முன்னால் வந்து, எண்ணிய காசை ஐஸ்கிறீம் வாளிக்குள் போட்டது எனக்குச் சத்தத்தில் தெரிந்தது. பிறகு அவருடைய அழகான ஆங்கிலம் கேட்டது. "ஐயா, நீங்களும் ஒரு பங்கு எடுங்கோ. உங்களுக்கும் எங்கடை அதே விலைதான். இவருடைய லைசென்ஸ் கட்டணமும் அதற்குள் அடக்கம்."

உபசாரமாகத்தான் சொன்னார். பச்சை உடுப்புப் போட்டவரையும் எங்கள் ஆளாக்குவதற்கு அவருக்குத் தெரிந்த அதியுயர்ந்த மரியாதை அதுதான்.

பென்சில் நின்ற சத்தம் கேட்குமோ? எனக்குக் கேட்டது. திரும்பினேன். அதிகாரியின் முகம் கடைக்காரனின் முகமாக மாறியிருந்தது. இது என்ன காசு என்று கேட்டார். அவருடைய கண் வாளிக்குப் போயிற்று. வாளி அப்பாவின் கையில் இருந்தது.

அப்பா அசையவில்லை. ஒரு கையில் கத்தி, மறுகையில் வாளி. மாமா இரண்டு எட்டில் வந்து, தான் பிடிக்கக் கொடுத்த சாமானைத் திரும்ப வாங்குவதுபோல, அப்பாவின் கையிலிருந்த வாளியை எடுத்தார். என்னைக் கேட்காமலே ஆங்கிலத்தில் சொன்னார்: மான் என்னுடையது. காசு என்னுடையது. நான்தான் விற்றேன். இந்த மனிதர் சும்மா வெட்டித்தர வந்தவர்.

"மாமா! விக்கேல்லை எண்டு சொல்லுங்கோ! பங்கெண்டு சொல்லுங்கோ!" நான் கத்தினேன். நானே சொல்வோம் என்று அதிகாரியிடம் போனேன். பங்கு என்றால் என்ன, சுவர் என்றால் என்ன, ஏன் திரும்பி நிற்கிறோம், எல்லாம் என்னிடம் ஆங்கிலத்தில் இருந்தது.

"வாயைப் பொத்தடா!"

மாமா ஒருநாளும் என்னை அப்படி ஏசியதில்லை. அத்தனை சனத்துக்கு முன்னால். நான் வாயைப் பொத்தினேன்.

யார் யார் வாங்கினார்கள், பெயரைச் சொல் என்று அதிகாரி கேட்டார். தெரியாது, வந்தார்கள், போனார்கள் என்றார் மாமா. அப்போது ஏழாம் மாடி அங்கிள் அங்கே இல்லை. அவருடைய இறைச்சிப் பையும் இல்லை. மானைக் கொண்டுபோனார்கள். பிறகு கிழவர் வீட்டிலிருந்து துவக்கையும் எடுத்தார்கள். அட்டையைத் தா என்றபோது மாமா அதைப் பையிலிருந்து எடுத்து, அதில் பட்டிருந்த இரத்தத்தைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

சில நாட்களின் பின் அம்மா தொலைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். "கேஸ் முடியாத மனுசன்ரை கையிலயெல்லே வாளி இருந்தது." நான் பக்கத்திலிருந்து சித்திரத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்டேன். அது வேறு யாருடைய கதையோ என்று தீட்டிக்கொண்டே இருந்தேன்.

வழக்கு நாளில் பள்ளிக்கூடம் இல்லை, வீட்டில் விட ஆளும் இல்லை. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மாமா முன்னால் நின்றார். நாங்கள் கடைசி வாங்குப் பலகையில் இருந்தோம். மானில் பங்கு தின்ற ஒரு வீடாவது வரும் என்று நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடி அன்ரி வரவில்லை. ஏழாம் மாடி அங்கிள் வரவில்லை. ஒருவரும் வரவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மாமாவுக்குப் பக்கத்தில் நின்றார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன் என்றார் மாமா. உன்னோடு சேர்ந்து வேறு யாராவது இதைச் செய்தார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். தண்டம் விதித்தார்கள். துவக்குத் திரும்பி வராது. சில வருடங்களுக்கு எந்த லைசென்ஸும் எடுக்க முடியாது.

நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உண்மையானது எப்படிச் சுரண்டினாலும் உண்மைதான் என்று சொன்ன மனிதர், சுரண்ட முன்னரே பொய் சொல்கிறார்! எழும்பிக் கத்தலாம் என்று பார்த்தால் அப்பாவின் கை என் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தக் கை நடுங்கியது. அப்பாவுக்கும் என்னைப்போலக் கோபம் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். நான் எழும்பிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது சொல்கிறேன், அந்தச் சட்டம் பிழையான சட்டமில்லை. காட்டு மிருகத்தைக் காசுக்கு விற்கலாம் என்றால் ஒரு வருடத்துக்குள் காட்டில் ஒன்றும் மிஞ்சாது. லைசென்ஸும் கட்டணமும் அதற்காகத்தான். அதைத் தெரிந்துகொண்டது எனக்கு இன்னும் கூடக் கோபத்தைத் தருகிறது, சட்டத்தைத் திட்டிவிட்டுப் படுக்க முடியவில்லை. அப்பாவின் பெயர் எழுதப்பட்டிருந்தால் எங்கள் கேஸ் உண்மையாகவே கெட்டிருக்குமோ என்றும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாததற்குத்தான் அப்படிப் பயந்தோம்.

ஆனால் தின்றவர்களை நான் மன்னிக்கவில்லை. "உவனை ஆர் வேட்டைக்குப் போகச் சொன்னது?" என்று லிஃப்டுக்குள் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்கள். "நான் அண்டைக்கே நினைச்சனான், உது வில்லங்கத்தில முடியுமெண்டு." தண்டக் காசைப் பங்குக்குள் போடுவோம் என்று ஒரு வாய் சொல்லவில்லை. ஏழாம் மாடி அங்கிள் அஜின்கோர்ட்டில் ஒரு கலியாண வீட்டில் இதைப் பகிடிக் கதையாகச் சொன்னார், நான் அதே மேசையில் இருந்தேன். 'பாவம், இங்கிலிஷ் தெரியாத பெடியன், தானே வித்தனெண்டு ஒப்புக்கொண்டிட்டான்' என்று முடித்தார். மேசை முழுக்கச் சிரித்தது. நல்ல சிரிப்பில்லை.

அடுத்த கோடையில் எங்கள் கேஸ் சரிவந்தது. அம்மா அழுதார். ஆடு எடுத்தார்கள். அப்பா கும்பம் பிரித்தார். சுவரைப் பார்த்து நிற்க என்னைக் கூப்பிட்டபோது மாட்டேன் என்றேன். மாமா அப்போது வேறு வீட்டில் இருந்தார். வேலை முடிந்து பிந்தித்தான் வந்தார்.

அவர் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது, கதிரையில் இருந்த அப்பா எழும்பி நின்றார்.

எங்கள் வழக்கத்தில் அத்தானுக்கு முன்னால் எழும்பவேண்டியவர் மாமா. அப்பா அவரை விட நன்றாக மூத்தவர், அக்காவின் புருசன். வந்திருந்தவர்கள் பார்த்தார்கள். மாமாவுக்குக் கூச்சமாகிவிட்டது. "இருங்கோ அத்தான், இருங்கோ" என்றார். அப்பா இருக்கவில்லை. மாமா ஒரு கதிரையை இழுத்து இருந்த பிறகுதான் தானும் இருந்தார். அதற்குப் பிறகு மாமா எப்போது எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தாலும் அப்பா மடித்து வைத்துவிட்டு எழும்புவார். முழங்கால் வருத்தம் வந்த பிறகும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்புவார். "இருங்கோ அத்தான்" என்று மாமா ஒவ்வொரு முறையும் சொல்வார்.

அந்த வயதில் எனக்கு அது இரண்டு பெரிய ஆட்களின் விசர் விளையாட்டாகத் தெரிந்தது. கோர்ட்டில் பொய் சொன்ன ஒரு மனிதருக்கு அப்பா ஏன் இப்படி எழும்பி நிற்கிறார் என்று வயிறு எரியும். நான் சோபாவில் காலை நீட்டி, தொலைக்காட்சியின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவைப்பேன்.